பாட்டனார் விட்டுச்சென்ற பேனாவுக்கு என்ன விலை?

வாசகர் கேள்வி – பதில்

பரம்பரையாகக் கைக்கு வந்த ஊற்றுப்பேனாக்களை விற்பது குறித்து வந்த கடிதங்களில் ஐந்தை இந்த இதழுக்காக எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் கடிதத்துக்கான பதில் நீண்டுவிட்டது. மற்றக் கேள்விகளுக்கும் அதுவே அடிப்படை என்பதால் அதைச் சுருக்க எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: ஐயா, என் தாயாரின் தந்தை பயன்படுத்திய பார்க்கர் பேனா ஒன்று அவருடைய மேசை இழுப்பறையிலிருந்து என் கைக்கு வந்திருக்கிறது. உடல் கருஞ்சிவப்பு, மூடி தங்க நிறம். நிப் முழுவதும் கழுத்துக்குள் மறைந்திருக்க, அதன் நுனி மட்டும் வெளியே தெரிகிறது. உடலில் ‘பார்க்கர் 51’, ‘மேட் இன் யு.எஸ்.ஏ.’ என்ற எழுத்துகளும், அவற்றை அடுத்து 6 என்ற எண்ணும், அதன் பக்கத்தில் ஒரு புள்ளியும் மங்கலாக இருக்கின்றன. மை இழுக்கவில்லை. இணையத்தில் இதே போன்ற பேனாவுக்கு ஒருவர் கேட்கும் விலையைப் போல் பத்து மடங்கு இன்னொருவர் கேட்கிறார். யாரை நம்புவது? விற்பதற்கு முன் நன்றாக மெருகேற்றி வைக்கலாமா?

பதில்: உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மெருகேற்ற வேண்டாம். பழைய பேனாவின் விலையைத் தீர்மானிக்கும் அடையாளங்கள் பெரும்பாலும் ஒரு தலைமுடியின் ஆழத்துக்கு மேல் இல்லாதவை. உடலில் மங்கலாக இருப்பதாக நீங்கள் எழுதியிருக்கும் அந்த எழுத்துகள் மெருகுப் பசையோடு நான்கு முறை தேய்த்தால் காணாமல் போய்விடும். போனால் திரும்பக் கொண்டுவர வழியில்லை. சற்று ஈரமான மென்துணியால் தூசியை ஒற்றி எடுங்கள். அதற்கு மேல் எதுவும் செய்யாமல் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு, இனி உங்கள் கண்களுக்கு மட்டும் வேலை கொடுங்கள்.

முதல் வேலை, பேனா எது என்று உறுதிசெய்வது. பார்க்கர் 51 என்பது 1941-இல் பரவலாக விற்பனைக்கு வந்து முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தயாரிக்கப்பட்ட பேனா. கோடிக்கணக்கில் விற்றது. எனவே “எண்பது ஆண்டு பழையது” என்ற ஒன்றை மட்டும் வைத்து அதற்குப் பெரிய விலை வந்துவிடாது. வயதைவிட, இந்த வகைக்குள் உங்கள் பேனா எந்தக் கிளையைச் சேர்ந்தது என்பதே முக்கியம். அமெரிக்காவில் தயாரான பார்க்கர் பேனாக்களில் அந்தக் காலத்தில் ஆண்டின் கடைசி இலக்கத்தையும், அது எந்தக் காலாண்டு என்பதைக் காட்டப் புள்ளிகளையும் பொறித்தார்கள். முதல் காலாண்டுக்கு மூன்று புள்ளிகள், இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு ஒன்று, நான்காவதற்குப் புள்ளியே இல்லை. 6 என்ற எண் 1936-ஐயும் குறிக்கலாம், 1946-ஐயும் குறிக்கலாம். ஆனால் 1936-இல் பார்க்கர் 51 சந்தையில் இல்லை. ஆகவே ஒரு புள்ளியோடு கூடிய உங்கள் 6, 1946-ஆம் ஆண்டின் மூன்றாம் காலாண்டு. ஒரு கைவிளக்கை மேலிருந்து அடிக்காமல் பேனாவின் உடலோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். நேரான வெளிச்சத்தில் தெரியாத புள்ளிகூட அப்போது நிழல் விழுந்து எழுந்து நிற்கும். ஒன்றென்று நினைத்தது இரண்டாகவும் இருக்கலாம்.

1946 என்று உறுதியானால் அதிலிருந்து இன்னொன்றும் புரியும். பார்க்கர் 51 பேனாவின் மை நிரப்பும் முறை 1948-இல் மாறியது. அதன் பிறகு வந்தவற்றில் உடலைத் திருகிக் கழற்றினால் உள்ளே ஓர் உலோகக் கூடும், அழுத்துவதற்கான பட்டையும் இருக்கும். அதற்கு முன் வந்தவை வாக்குமாட்டிக் முறையில் நிரம்புபவை. பேனாவின் வால்பக்கத்தில் இருக்கும் சிறு மூடியைத் திருகி எடுத்தால் ஓர் அழுத்துதண்டு இருக்கும். அதை அழுத்தி விடும்போது உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு மடங்கி விரிந்து மையை இழுக்கும். எண்பது ஆண்டுகளில் அந்தச் சவ்வு இறுகி உடைந்திருக்கும். பேனா மை இழுக்காததற்குப் பெரும்பாலும் காரணம் அதுவே. இது குறைதான் என்றாலும் அச்சப்படத் தக்கதன்று, சவ்வை மாற்ற முடியும். வாங்குபவர்கள் இதை எதிர்பார்த்தே வருகிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்காகத் தண்டை ஓங்கி அழுத்துவதோ, கழுத்தைக் குறட்டால் பிடித்துத் திருகுவதோ வேண்டாம். கழுத்து அரக்கினால் ஒட்டப்பட்டிருக்கும். பக்குவமாகச் சூடுகாட்டி இளக்கத் தெரியாதவர் கையில் அது விரிசல் விடும்.

மூடிக்கு வாருங்கள். தங்க நிறம் என்பதால் தங்கம் என்று முடிவு கட்ட வேண்டாம். வெள்ளையாக இருப்பதால் வெறும் எஃகு என்றும் ஒதுக்க வேண்டாம். இதே பேனாவுக்கு எஃகு மூடி, ஸ்டெர்லிங் வெள்ளி மூடி, தங்கத் தகடு போர்த்திய மூடி, முழுத் தங்க மூடி எல்லாமே வந்தன. மூடியின் விளிம்பை ஒட்டிச் சிற்றெழுத்துகளில் பொறித்திருப்பதைப் பெருக்குக் கண்ணாடியில் படியுங்கள். ‘1/10’ என்று தொடங்கி 12 அல்லது 16 காரட் என்று இருந்தால், அந்த உலோகத்தின் எடையில் பத்தில் ஒரு பங்கு அந்தத் தரத் தங்கம், மீதி வேறு உலோகம் என்று பொருள். பெரும்பாலான தங்க நிற மூடிகள் இந்த இனம். பின்னம் எதுவும் இல்லாமல் காரட் அளவு மட்டும் இருந்தால் விஷயம் வேறு, அதை முறையாகச் சோதிக்க வேண்டும். பேனாவின் உடலைவிட மூடியின் விலை பல மடங்காக இருப்பது இந்த வகையில்தான்.

நிலைமையைப் பார்ப்பதற்குப் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடி ஒன்று போதும். மூடியின் வாயை மெதுவாகச் சுழற்றி, நெளிவு இருக்கிறதா என்று பாருங்கள். மெல்லிய உலோக மூடியில் அரிசி அளவு நெளிவு விழுந்தாலும் வாங்குபவர் முதலில் அதைத்தான் சுட்டிக்காட்டுவார். முலாம் தேய்ந்து அடியிலிருக்கும் பித்தளை வெளிப்பட்டிருந்தால் கிளிப்பின் முனையில்தான் முதலில் தெரியும். மூடி, சட்டென்று ஒரு மெல்லிய பிடிப்போடு அமர வேண்டும், தளர்ந்து ஆடக் கூடாது. உடலின் வால் மூடி இணையும் இடத்திலும் நிப்பை மூடியிருக்கும் கூம்பிலும் முடிக்கோடு போன்ற விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தைச் சாய்த்துப் பாருங்கள். கடைசியாக நிப்பின் நுனி. அங்கே கடினமான உலோகக் கலவையால் ஆன ஒரு சிறு குமிழ் இருக்க வேண்டும். தங்கம் மென்மையானது, தாளில் உரசித் தேயாமல் காப்பது அந்தக் குமிழ்தான். ஒரே கோணத்தில் பல ஆண்டுகள் எழுதிய பேனாவில் குமிழின் ஒரு பக்கம் பாதம்போல் தட்டையாகியிருக்கும். முழுவதும் போய்விட்டிருந்தால் விலை வெகுவாக இறங்கும். உங்கள் பாட்டனாரின் கைப்பழக்கத்தை அந்தத் தட்டையான பக்கம் இன்றும் காட்டும் என்பதால் விற்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நிறம் ஒரு முக்கியமான செய்தி. கருப்பும் கருஞ்சிவப்பும் இந்த வகையில் பரவலானவை. கடுகு மஞ்சளும் நாசோ பச்சையும் குறைவாகவே கிடைக்கின்றன. நிரப்பும் முறை மாறிய காலத்தை ஒட்டிச் சிறிது காலமே வந்த ‘பிளம்’ நிறத்தைச் சேகரிப்பவர்கள் தேடித்தேடி வாங்குகிறார்கள். பிளம்மும் கருஞ்சிவப்பும் விளக்கு வெளிச்சத்தில் ஒன்றுபோலத் தோன்றி ஏமாற்றும் என்பதால், பகல் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளின்மேல் வைத்துப் படம் எடுங்கள். வாலிலும் மூடியின் உச்சியிலுமாக இரண்டு முனைகளிலும் மணி பதித்த பேனாவாக இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், அதற்குத் தனி மதிப்பு உண்டு.

இப்போது விலை. இணையத்தில் நீங்கள் பார்த்தவை கேட்கும் விலைகள். ஒருவர் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம், ஆண்டுக்கணக்கில் விற்காமலும் வைத்திருக்கலாம். இபே போன்ற ஏலத் தளங்களில் விற்று முடிந்த பொருள்களை மட்டும் காட்டும் வசதி இருக்கிறது. அதில் உங்கள் பேனாவின் வகை, நிரப்பும் முறை, மூடியின் உலோகம், நிறம் நான்கும் பொருந்துபவற்றை மட்டும் எடுத்து, நிலைமை, மை இழுக்கிறதா, விற்றவர் பழுதுபார்த்துப் பொறுப்பேற்றாரா என்பவற்றோடு ஒரு தாளில் எழுதுங்கள். எடுத்துக்காட்டுக்காக ஐந்து விற்பனைகள் 130, 120, 80, 75, 45 என்ற அலகுகளில் கிடைத்தன என்று வைத்துக்கொள்வோம். இவற்றைக் கூட்டி ஐந்தால் வகுத்து 90 என்று சொல்வதுதான் பலரும் செய்யும் தவறு. முதல் இரண்டும் சவ்வு மாற்றிச் சோதித்து, திருப்பி அனுப்பலாம் என்ற உறுதியோடு விற்றவை. அந்த விலையில் ஒரு கைவினைஞரின் உழைப்பு அடங்கியிருக்கிறது, எனவே அவை உங்கள் பேனாவுக்கு ஒப்பாகா. 45-க்குப் போனதன் மூடி நெளிந்திருந்தது. மை இழுக்காவிட்டாலும் மற்றபடி முழுமையாக இருந்த 80-உம் 75-உம்தான் உங்களுக்கு அண்டை வீடுகள். அவற்றின் எழுத்துகள் தெளிவாகவும் உங்களுடையவை மங்கலாகவும் இருந்தால் 65 முதல் 70 வரை என்று கணக்கிடுவது நியாயம்.

அந்த 70-உம் கைக்கு வருவதில்லை. தளத்தின் தரகு, பணம் பெறும் கட்டணம், உறுதியான பெட்டி, காப்பீட்டோடு அனுப்பும் செலவு எல்லாம் சேர்ந்து 15 அலகு போனால் உங்களிடம் 55 நிற்கும். இந்த நேரத்தில் பழைய பேனா வணிகர் ஒருவர் 40 தருகிறேன் என்றால் ஏமாற்றுகிறார் என்று பலர் கோபப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் சவ்வை மாற்ற வேண்டும், விற்ற பிறகு ஏதாவது கோளாறு வந்தால் ஏற்க வேண்டும், வாங்குபவர் வரும்வரை பணத்தை முடக்கிவைக்க வேண்டும். 55-க்கும் 40-க்கும் இடையில் இருக்கும் 15, படம் எடுப்பது, கேள்விகளுக்குப் பதில் எழுதுவது, அனுப்புவது, திரும்பி வந்தால் எதிர்கொள்வது ஆகிய வேலைகளை நீங்கள் செய்யாமல் அவரிடம் விடுவதற்கான கூலி. அந்த வேலைகளைச் செய்ய நேரமும் விருப்பமும் இருந்தால் நீங்களே விற்கலாம். அவர் 15-தான் தருவேன் என்றால், நன்றி சொல்லிப் பேனாவை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுங்கள்.

பழுதுபார்த்து விற்றால் 120 கிடைக்குமே என்று கேட்பீர்கள். பழுதுபார்ப்புக்கு ஆகும் தொகையைச் சேர்த்துக் கணக்கிட்டால், பரவலாகக் கிடைக்கும் பேனாக்களில் மிஞ்சுவது சொற்பம். மேலும், பழுதுபார்த்தவர் யார் என்று தெரியாத பேனாவைச் சேகரிப்பவர்கள் நம்பி வாங்குவதில்லை. அரிய பேனாவாக இருந்தால் பழுதுபார்க்கும் உரிமையை வாங்குபவருக்கே விட்டுவிடுவது இன்னும் நல்லது.

கேள்வி: என் பெரியப்பா வைத்திருந்த வாட்டர்மன் பேனா ஒரு காலத்தில் கருப்பாக இருந்ததாம். இப்போது பாசி படிந்ததுபோல் பழுப்பாக இருக்கிறது. வாலின் அடியில் 52 என்ற எண் இருக்கிறது, பக்கத்தில் ஒரு நெம்புகோல் இருக்கிறது. வெந்நீரில் ஊறவைத்துக் கழுவினால் கருப்பு திரும்புமா?

பதில்: தயவுசெய்து ஊறவைக்காதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன் இதே தவற்றை நான் செய்தேன். மை இறுகிப்போன ஒரு கருப்புப் பேனாவை இரவு ஒரு கிண்ணம் தண்ணீரில் போட்டுவைத்தேன். காலையில் எடுத்தபோது தண்ணீருக்குள் இருந்த பகுதி முழுவதும் மங்கிய பழுப்பாகவும், வெளியே நீட்டிக்கொண்டிருந்த பகுதி மட்டும் கருப்பாகவும் இருந்தது. இரண்டுக்கும் நடுவே அளவுகோல் வைத்துக் கிழித்ததுபோல் ஒரு கோடு. அந்தக் கோடு இன்றுவரை போகவில்லை. உங்கள் பேனா எபோனைட் என்று சொல்லப்படும் கெட்டி ரப்பரால் ஆனது. கந்தகம் சேர்த்துச் சூடாக்கி இறுக்கிய ரப்பர் அது. ஒளியும் ஈரமும் பட்டால் அதன் மேற்பரப்பு மாறிப் பழுப்பாகும். அந்த மாற்றத்தை வெந்நீர் இன்னும் விரைவுபடுத்தும். சாயமிட்டுக் கருப்பாக்குபவர்களும் உண்டு. ஆனால் தெரிவிக்காமல் சாயமிட்டு விற்பது வாங்குபவரை ஏமாற்றுவதாகும், தெரிந்தால் சேகரிப்பவர்கள் விலையைக் குறைத்தே கேட்பார்கள். பழுப்பு பழுப்பாகவே இருக்கட்டும்.

52 என்ற எண்ணை வாட்டர்மன் நிறுவனத்தின் கணக்குப்படி படிக்க வேண்டும். கடைசி இலக்கமான 2 நிப்பின் அளவு, 5 என்பது நெம்புகோலால் மை நிரம்பும் வகை. இதற்கு முன்னால் ஒரு 4 சேர்ந்து 452 என்று இருந்தால் வெள்ளி வேலைப்பாடு போர்த்தியது என்று பொருள், அது விலையில் வெகு உயரத்தில் நிற்கும். வெறும் 52 பரவலான பேனாதான். ஆனாலும் அதற்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. இந்தப் பேனாக்களில் பலவற்றின் தங்க நிப், அழுத்தினால் விரிந்து தடித்த கோட்டையும், விட்டால் மெல்லிய கோட்டையும் தரும். அப்படி வளையும் நிப்பாக இருந்தால், நிப்பின் விலை பேனாவின் விலையை விஞ்சிவிடும். சோதிக்கிறேன் என்று விரலால் நெருக்கி நிப்பை முறித்துக்கொண்டவர்களை அறிவேன். நீலமையில் நுனியை மட்டும் தோய்த்து, கையின் எடைக்கு மேல் அழுத்தம் கொடுக்காமல் இரண்டு வரி எழுதுங்கள். அந்த வரிகளைப் படம் எடுத்து விற்பனைக் குறிப்போடு சேர்த்தால் வாங்குபவருக்கு வேண்டியது அதில் தெரிந்துவிடும். நெம்புகோலைத் தூக்க முயல வேண்டாம். உள்ளே இருக்கும் ரப்பர் பை கல்லாக இறுகியிருக்கும், வலுக்கட்டாயமாகத் தூக்கினால் பேனாவின் உடலே பிளக்கும்.

இதே நிறுவனம் 1927-இல் கொண்டுவந்த ஏழாம் எண் பேனாவில் மூடியைச் சுற்றிய வண்ணப் பட்டை நிப்பின் வகையைச் சொல்லும். அதில் இளஞ்சிவப்புப் பட்டை என்றால் மெல்லிதாக எழுதி நன்றாக வளையும் நிப். உங்கள் பெரியப்பாவின் பொருள்களில் அப்படி ஒன்று இருந்தால் தனியாக எடுத்துவையுங்கள். அதற்காகச் சேகரிப்பவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: எங்களிடம் இருப்பது பெலிக்கன் பேனா. மூடியின் உச்சியில் கூட்டில் ஒரு தாய்ப்பறவையும் இரண்டு குஞ்சுகளும். நிப்பில் ‘சி.என்.’ என்ற எழுத்துகள் இருக்கின்றன, தங்க நிறமாக இல்லை. அசல் தங்க நிப்பை யாரோ மாற்றிவிட்டார்கள், இனி விலை போகாது என்கிறார் எங்கள் மைத்துனர். உண்மையா?

பதில்: உங்கள் மைத்துனரின் ஐயம் இயல்பானது. பழைய பேனாக்களில் நிப்பை மாற்றுவது மிகவும் பரவலாக நடந்திருக்கிறது, ‘வாரன்டட்’ என்ற சொல்லும் காரட் அளவும் மட்டும் இருந்து நிறுவனத்தின் பெயர் இல்லாத நிப்புகள் பெரும்பாலும் அப்படி வந்தவைதான். ஆனால் உங்கள் நிப் வேறு கதை. 1930-களின் இறுதியில் ஜெர்மனியில் பேனா நிப்புகளுக்குத் தங்கம் பயன்படுத்தத் தடை வந்தபோது பெலிக்கன் குரோமியம், நிக்கல் கலந்த எஃகில் நிப்புகளைச் செய்தது. சி.என். என்பது அதன் அடையாளம். பேனாவின் உடலும் அதே காலத்தைச் சேர்ந்ததாக இருந்தால் அந்த நிப்தான் அசல். அதை எடுத்துவிட்டுத் தங்க நிப்பைப் பொருத்துவதுதான் பேனாவைக் கெடுப்பது.

காலத்தைப் பறவைக் குஞ்சுகளே சொல்லும். தொடக்கத்தில் கூட்டில் நான்கு குஞ்சுகள் இருந்தன. 1938-ஐ ஒட்டி அவை இரண்டாயின, 2003 முதல் ஒன்றே ஒன்று. எனவே இரண்டு குஞ்சும் சி.என். நிப்பும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன. வால்பக்கத்துக் குமிழைத் திருகி மை இழுக்கும் வகை இது. பழையவற்றில் உள்ளே தக்கையால் ஆன அடைப்பான் இருக்கும், காய்ந்து ஒட்டிக்கொண்ட தக்கையோடு குமிழை வலிந்து திருகினால் தண்டு முறியும். அசையவில்லை என்றால் ‘அசையவில்லை, வலியவும் இல்லை’ என்று விற்பனைக் குறிப்பில் நேர்மையாக எழுதுங்கள். அந்த வரியைப் படிக்கும் சேகரிப்பாளருக்கு உங்கள்மேல் நம்பிக்கை பிறக்கும்.

கேள்வி: தந்தையார் மறைவுக்குப் பின் அவருடைய மான்ட்பிளாங் 149 பேனாவை நாங்கள் மூன்று பேர் பங்கிட வேண்டியிருக்கிறது. தம்பி அதை வைத்துக்கொள்ள விரும்புகிறான். காப்பீட்டுக்காக ஒரு முறை எழுதி வாங்கிய மதிப்பீடு இருக்கிறது. கிளிப் வளையத்தில் எண் எதுவும் இல்லாததால் பேனா போலியாக இருக்குமோ என்ற கவலையும் அக்காவுக்கு இருக்கிறது.

பதில்: அக்காவின் கவலையை முதலில் தீர்ப்போம். கிளிப் வளையத்தில் எண் பொறிக்கும் வழக்கம் 1990-களில்தான் வந்தது. 149 வகை 1952 முதல் இருக்கிறது. ஆகவே பழைய பேனாவில் எண் இல்லாதது குற்றமில்லை, எண் இருப்பது மட்டும் சான்றும் இல்லை, போலி செய்பவர்களும் எண்ணைப் பொறிக்கிறார்கள். நிப்பில் இருக்கும் 4810 என்பது மான்ட்பிளாங் சிகரத்தின் உயரம் மீட்டரில். அதையும் போலிகளில் காணலாம். இவற்றைவிட உறுதியான சோதனை ஒன்று உண்டு. 149 எப்போதும் வாலைத் திருகி மை இழுக்கும் பேனா. உடலைத் திருகிக் கழற்றியதும் உள்ளே மைக்குழாய் பொருத்தும் இடம் தெரிந்தால் அது 149 அன்று. உங்கள் பேனாவின் வால் திருகுகிறது, உடல் கழலவில்லை என்றால் முதல் படியைத் தாண்டிவிட்டீர்கள். மீதியைப் பழைய பேனாக்களில் பழகிய ஒருவர் நேரில் பார்த்துச் சொல்லட்டும். வாங்கிய ரசீதோ பெட்டியோ கிடைத்தால் பேனாவோடு வையுங்கள்.

பங்கீட்டுக்கு அந்தக் காப்பீட்டு மதிப்பீட்டைப் பயன்படுத்த வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. பேனா தொலைந்தால் அதே போன்ற ஒன்றைக் கடையில் போய் உடனே வாங்க எவ்வளவு ஆகும் என்பதைத்தான் காப்பீட்டு மதிப்பீடு சொல்கிறது. உங்கள் குடும்பம் அந்தப் பேனாவை விற்றால் கைக்கு அந்தத் தொகை வராது. அந்த எண்ணின்படி தம்பி பணம் கொடுத்தால் தந்தையின் பேனாவை வைத்துக்கொண்டதற்காக அவர் மட்டும் இழப்பை ஏற்றதாகிவிடும். வாங்கும் எண்ணம் இல்லாத இருவரிடம் தனித்தனியாக, ‘இன்றைக்கு விற்றால் செலவு போகக் கையில் எவ்வளவு நிற்கும்’ என்று கேளுங்கள். மதிப்பிடுபவரே வாங்குபவராக இருக்கக் கூடாது, அது ஒரே தராசில் இரண்டு கைகள் வைப்பது. இருவர் சொல்வதும் நெருங்கியிருந்தால் நடுவில் உள்ள தொகையை மூன்றாகப் பிரித்து, தம்பி இரண்டு பங்கை உங்களுக்கும் அக்காவுக்கும் தரட்டும். தொகைகள் வெகுவாக விலகினால் மூன்றாவது ஒருவரிடம் காட்டுங்கள். அதோடு, பின்னால் அவர் அதை விற்க நேர்ந்தால் உங்கள் இருவருக்கும் முதலில் சொல்ல வேண்டும் என்று இப்போதே பேசிவைத்துக்கொள்வது நல்லது.

நிப்பில் 18 காரட் தங்கம் இருக்கிறதே, அதை உருக்கினால் என்ன என்று யாராவது யோசனை சொல்லியிருந்தால் அதைக் காதில் வாங்க வேண்டாம். பெரும்பாலான நிப்புகளின் எடை ஒரு கிராமைக்கூட எட்டுவதில்லை. அந்தத் தங்கம் நிப்பாக இருக்கும்வரைதான் அதற்குப் பேனாவின் விலை, உருக்கிய பின் ஒரு சிட்டிகைத் தங்கத்தின் விலை.

கேள்வி: அத்தையின் பேனாவில் அவர் பெயர் அழகாகப் பொறித்திருக்கிறது. வேறொருவர் பெயர் உள்ள பேனாவை யார் வாங்குவார்கள்? தேய்த்து அழித்துவிட்டு விற்கலாமா?

பதில்: பெயர் பொறித்த பேனாவுக்குப் பொதுவாகச் சற்றுக் குறைந்த விலைதான் கிடைக்கும் என்பது உண்மை. பலரும் அறிந்த ஒருவரின் பேனா என்பதைக் கடிதமோ பழைய படமோ காட்டி நிறுவ முடிந்தால் மட்டும் நிலைமை தலைகீழாகும். ஆனால் பெயரை அழிப்பது குறையைப் பெரிதாக்கும். எழுத்தின் ஆழத்துக்கு உடலைத் தேய்த்தால் அந்த இடம் பள்ளமாகும், விளக்கு வெளிச்சத்தில் பேனாவைச் சுழற்றினால் ஒளிக்கோடு அங்கே நெளிந்து காட்டிக்கொடுக்கும். பெயரை ஒட்டியே நிறுவனத்தின் முத்திரை எழுத்துகளும் இருக்கும் என்பதால் அவையும் சேர்ந்து போய்விடும். பெயரால் இழந்ததைவிட முத்திரையால் இழப்பது அதிகம்.

பெயர் உள்ள பக்கத்தை மறைக்காமல் படம் எடுத்து, குறிப்பில் அதைச் சொல்லி விற்பனைக்கு வையுங்கள். அந்தக் காலத்துப் பெயர்ப் பொறிப்புகளின் எழுத்தழகுக்காகவே அவற்றைத் தேடுபவர்கள் எண்ணிக்கையில் சிலரே என்றாலும் இருக்கிறார்கள். அத்தை அதே பேனாவால் எழுதிய கடிதமோ கணக்குப் புத்தகமோ உங்களிடம் இருந்தால், கொடுக்க மனமிருந்தால், அதில் ஒரு தாளைப் பேனாவோடு சேர்த்து அனுப்புங்கள். மனமில்லை என்றால் அந்தத் தாளின் படம் போதும், மூலம் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.